மிலிட்டரிச் செடியின் முதல் பூ

தணிகாசலம் பொய் சொல்கிற ஆளே இல்லை. சந்தையில் மாடு விற்க நின்றால்கூட, "இடது கால் கொஞ்சம் சாய்க்கும்ங்க" என்று கேட்காமலே சொல்லிவிட்டு, வாங்க வந்தவன் போன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வான். அப்படிப்பட்டவன் பெண்டாட்டியிடம் ஒரு பொய் சொன்னான். முழு வாக்கியம்கூட இல்லை. 'ஆங்' என்று ஒரே சொல். அந்தச் சொல் அவனைப் பதினாறு மாதம் படாத பாடு படுத்திவிட்டது.

நாற்பத்தாறாம் வருஷம், தை மாதக் கடைசி. சண்டை முடிந்து, பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தணிகாசலமும் திருத்தணி ஸ்டேஷனில் வந்து இறங்கினான். ஒரு கையில் தகரப் பெட்டி, மறு கையில் ஒரு பிஸ்கட் டின். டின்னில் மண், மண்ணில் ஒரு செடி. வழியில் இரண்டு இடத்தில் வண்டி மாறியபோதும் பெட்டியைத்தான் பக்கத்திலிருந்தவர்களிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னானே தவிர, டின்னை மடியைவிட்டு இறக்கவில்லை.

மலைக்கு மேற்கே இரண்டு மைலில் அவன் ஊர். நாலு வருஷம் கழித்துப் புருஷனைப் பார்க்கிறவள் அழுவாளா, சிரிப்பாளா, ஓடி வருவாளா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தான். பாஞ்சாலி மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்தாள். விக்கல் எடுத்துக்கொண்டது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து விக்கல் அடங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வியே டின்னைப் பற்றியதுதான்.

"இன்னா மாமா இது? கீரையா?"

"கீரை இல்ல புள்ள. ஜூனிபர்னு பேரு. நீலகிரி மலையில இருந்து கொண்டாரேன்."

செடி ஒரு சாண் உயரம்கூட இல்லை. சவுக்கு இலையைப் பொடிசாக்கி நெருக்கமாக அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. கிளைகள் மேலே போகிற எண்ணமே இல்லாமல் பக்கவாட்டில் நீண்டு, டின் விளிம்பைத் தாண்டி வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தன. பாஞ்சாலி ஒரு கிளையைத் தடவினாள். குத்தியது. விரலை முகர்ந்து பார்த்தாள். கற்பூரமும் இல்லாமல், மரப்பிசினும் இல்லாமல் ஏதோ ஒரு வாசனை.

"பூக்குமா?"

பூக்காது. அது தணிகாசலத்துக்கு நன்றாகத் தெரியும். நீலகிரியில் பட்டாளத்து ஆஸ்பத்திரித் தோட்டக்காரன் செடியைக் கொடுக்கும்போதே சொல்லித்தான் கொடுத்தான். வெயிலோ பனியோ வருஷம் முழுக்கப் பச்சை மாறாது, தரையோடு தரையாகப் படரும், ஆனால் பூவென்று ஒன்றும் பார்க்க முடியாது என்று. ஆனால் பாஞ்சாலியின் சட்டமும் தணிகாசலத்துக்குத் தெரியும். பூ தராத, காய் தராத, மாடும் தின்னாத எதற்கும் அவள் தோட்டத்தில் இடம் கிடையாது. உண்மையைச் சொன்னால் செடி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்விடும். அங்கே மூத்திரச் சேற்றில் மூன்று நாள் தாங்காது.

"ஆங்," என்றான்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே பாஞ்சாலி கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவளுடைய குண்டுமல்லிப் புதர் இருந்தது. ஆறு வருஷத்துச் செடி. வீட்டிலேயே நல்ல இடம் அதுதான். அவன் "ஐயோ, வேணாம்" என்பதற்குள் அதை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து, பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளிடம் கொடுத்துவிட்டாள். மல்லி இருந்த குழியில் நீலகிரிச் செடி உட்கார்ந்தது.

இந்த மல்லியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி எங்கே புறப்பட்டாலும் புருஷன் முன்னால் நடப்பான், பெண்டாட்டி பின்னால் வருவாள். தணிகாசலமும் முன்னால்தான் புறப்படுவான். ஆனால் ஐம்பது தப்படி போவதற்குள் அவன் காலில் முள் தைத்துவிடும். குனிந்து உள்ளங்காலைத் தடவிக்கொண்டு, "நீ போய்க்கினே இரு புள்ள" என்பான். அவள் தாண்டிப் போவாள். பிறகு போகிற இடம் வரைக்கும் அவள் கொண்டையிலிருந்து மல்லிகை வாசம் காற்றில் பின்னால் வந்துகொண்டே இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவன் காலில் தைத்த முள்ளுக்குக் கணக்கே இல்லை. பாஞ்சாலியும் ஒரு நாள்கூட 'முள்ளைக் காட்டுங்க' என்று கேட்டதில்லை.

மாசிக் கிருத்திகைக்கு இருவரும் மலைக்குப் போனார்கள். சன்னதியில் பாஞ்சாலி கண்ணை மூடியவள் திறக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். வெளியே வந்ததும் தலையிலிருந்த பூவை எடுத்தாள். இரண்டு கையாலும் அதைக் கண்ணில் ஒற்றி, கொடிமரத்தடியில் வைத்தாள்.

"இன்னா புள்ள, பூவை எடுத்துட்ட?"

"வேண்டிக்கினேன் மாமா. ஆளை முழுசாத் திருப்பிக் குடுத்துட்டாரு இல்ல? உங்க கூட வந்த செடியில பூக்குற மொதப் பூ அவருக்கு. அதுவரைக்கும் என் தலையில பூ கெடையாது."

தணிகாசலம் உடைத்த தேங்காயின் சில்லு ஒன்றை வாயில் போட்டிருந்தான். அதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"அது… பூக்கிறதுக்கு நாளாகும் புள்ள."

"ஆகட்டுமே. நாள் தவறாம மூணு வேளையும் சாமிக்குக் குவளை பூத்த மலை இது. அடிவாரத்துல ஒரு செடி பூக்காமலா போயிடும்?"

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் ஜனங்கள். அவள் முகமும் அப்படி மலர்ந்திருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பொய் சொன்ன எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை.

பாஞ்சாலி செடியை வளர்க்கத் தொடங்கினாள். அவள் பிறந்தது நெல் விளைகிற வீட்டில். செடியென்றால் தண்ணீர், தண்ணீரென்றால் பாத்தி. செடியைச் சுற்றி வட்டமாக வரப்புக் கட்டி, மாடு கட்டிக் கவலை இறைக்கும்போதெல்லாம் ஒரு மடையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். செடி நாற்றங்கால் மாதிரி தண்ணீரில் நின்றது. ஒரு மாதத்தில் அடிக்கிளைகள் பழுத்தன. பழுப்பைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஒரு மடை திருப்பினாள்.

"தண்ணி காட்டாத புள்ள, வேர் அழுகிடும்," என்று தணிகாசலம் கெஞ்சினான். "நல்லா நனைச்சிட்டு, சுத்தமா காயவுட்டுட்டு, அப்பாலதான் மறுபடி ஊத்தணும்."

"செடிக்குத் தண்ணி காட்டாதேன்னு எந்த ஊர்ல சொல்லுவாங்க? வேண்டிக்கினவ நானு. எனக்குத் தெரியாதா?"

கடைசியில் அவள் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்து, செடியைப் பெயர்த்துக் கல்மேட்டில் வைத்துவிட்டான். கிணறு வெட்டியபோது வாரிக் கொட்டின சரளையும் மணலும் அங்கே சரிவாகக் கிடந்தன. எவ்வளவு ஊற்றினாலும் ஒரு சொட்டு நிற்காது. சித்திரை வெயிலுக்குத் தலைக்கு மேல் இரண்டு பனையோலையைச் சாய்த்து வைத்தான். வந்து பார்த்தவள் ஒரு மூச்சுத் திட்டினாள். ஆனால் இரண்டு மாதத்தில் பழுப்பெல்லாம் உதிர்ந்து, நுனியெல்லாம் புதுப்பச்சை விட்டதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். மல்லி இருந்த நல்ல இடம் சும்மாதான் கிடந்தது. அதில் நாலு கத்தரிச் செடி போட்டாள். கத்தரியைப் பார்க்கும்போதெல்லாம் தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஆடியில் ஒரு நாள் கழனியிலிருந்து வந்தவன் கல்மேட்டைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றான். நாலு மூங்கில் கால் நட்டு, மேலே குச்சி பரப்பி, அழகாக ஒரு பந்தல். செடியின் ஒவ்வொரு கிளையையும் வாழைநாரால் கட்டித் தூக்கி நிறுத்தியிருந்தாள். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு போலீசில் சரண் அடைகிற மாதிரி நின்றது செடி.

"இன்னா புள்ள அநியாயம் இது?"

"படர்ற செடியெல்லாம் பந்தல் கேக்கும். அவரை, புடலை, பீர்க்கன், எது கேக்கல? ஏத்திவுட்டாத்தான் பூக்கும்."

"இது தரையில படுக்கிற சாதி. இதை எழுப்பி நிறுத்தினா செத்துப்போயிடும்."

"எந்நேரமும் படுத்துக்கினு இருக்கறதுக்கு இது இன்னா நோயாளியா?"

தணிகாசலம் பந்தலடிக்குப் போனான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்து ஒவ்வொரு நாராக அவிழ்க்கத் தொடங்கினான். கடைசிக் கிளையைத் தரையில் படுக்க வைத்துவிட்டு எழுந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பாஞ்சாலி கொஞ்ச நேரம் அவனையே பார்த்திருந்துவிட்டு, மூங்கில் கால்களைப் பிடுங்கிக்கொண்டு போய் அவரைக்குப் போட்டாள்.

ஊரில் அதற்கு மிலிட்டரிச் செடி என்று பேர் வந்துவிட்டது. சுப்பன் வீட்டு ஆடு ஒரு நாள் அதில் வாய் வைத்துவிட்டு, நாலு தரம் தும்மிவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. ஆட்டுக்குக்கூட ஆகாத செடியைச் சாமிக்கு நேர்ந்திருக்கிறாளே என்று பெண்கள் ஊர்க் கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். கன்னியம்மாள் கொடுத்து வைத்தவள். பாஞ்சாலியின் மல்லி அவள் சுவரோரம் வேர் பிடித்து, அதுவரை பூக்காத பூவெல்லாம் பூத்துத் தள்ளியது. பொழுது சாயும் நேரம் மடி நிறைய மொக்குப் பறித்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள்.

"யக்கா, உன் மிலிட்டரி இன்னா சொல்றான்? இன்னிக்காவது சல்யூட் அடிச்சானா?"

"அடிப்பான், அடிப்பான். நீ உன் வேலையைப் பாரு."

"ஒரே ஒரு முழம் வெச்சுக்க யக்கா. சாமி பாக்காத நேரத்துல."

"போடி!"

கன்னியம்மாள் சிரித்துக்கொண்டே போவாள். அவள் போன பிறகும் அந்த வாசம் வேலியோரம் நின்றுகொண்டிருக்கும். பாஞ்சாலி அப்போது வீட்டுக்குள் போக மாட்டாள். வேலையே இல்லாத வேலை எதையாவது அங்கேயே செய்துகொண்டிருப்பாள். அதைப் பார்த்துத் தணிகாசலம் நொந்துபோவான். பதினாறு மாதத்தில் அவன் காலில் ஒரு முள் தைக்கவில்லை. வெறுந்தலையோடு வருகிறவளுக்குப் பின்னால் நடந்து என்ன செய்ய?

பொறுக்க முடியாமல் ஒரு தில்லுமுல்லும் செய்து பார்த்தான். ஒரு விடிகாலையில் வரப்போரம் பத்துத் தும்பைப் பூவைப் பறித்து, மிலிட்டரிச் செடியின் இலை இடுக்கில் அங்கங்கே செருகிவைத்தான். பாஞ்சாலி தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தாள்.

"மாமா, செடி பூத்துக் கீது."

"அப்படியா!" என்றான், கண்ணை அகல விரித்து.

"ஆங். தும்பைப்பூ பூத்துக் கீது. நாளைக்குப் பூசணிப்பூ வெச்சுப் பாருங்க, கொஞ்சம் பெருசா இருக்கும்."

அவன் விளையாடுகிறான் என்று நினைத்துக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அவனும் சேர்ந்து சிரித்தான். அன்றும் சொல்லவில்லை.

இப்படியே போயிருந்தால் அவன் கிழவனாகும் வரை சொல்லியிருக்க மாட்டான். ஆனால் நாற்பத்தேழு வைகாசியில் பாஞ்சாலியின் தங்கை தாயம்மாளுக்குக் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு ஊர் பள்ளிப்பட்டு. அம்மா இல்லாத பெண். நலங்கு வைப்பதிலிருந்து மணையில் உட்கார வைத்துத் தலையில் பூ முடிப்பது வரை எல்லாம் அக்காதான் செய்ய வேண்டும். தலையில் ஒரு பூ இல்லாதவள் கல்யாணப் பெண்ணுக்கு எப்படிப் பூ வைப்பது? மாப்பிள்ளை வீட்டில் ஒரு கிழவி அதைக் கேட்டே விட்டாளாம்.

"நான் மணைக்கு வரல தாயி. சமையல் கட்டுல இருந்துக்கறேன்," என்று பாஞ்சாலி தங்கையிடம் சொல்லிவிட்டாள்.

தாயம்மாள் நேரே தணிகாசலத்திடம் வந்தாள். "பாவா, அக்கா வரலைன்னா நான் மணையிலயே உக்கார மாட்டேன். நீங்க சொல்லுங்க. ஒரு செடிக்காகவா?"

"நான் பாத்துக்கறேன்," என்றான் தணிகாசலம். கல்யாணத்துக்கு ஏழு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில், இன்றே சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக் கல்மேட்டுக்குப் போனான். பாஞ்சாலி அங்கேதான் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். செடி இப்போது ஒரு பாய் அகலத்துக்குப் படர்ந்து, சரளையே தெரியாமல் சரிவை மூடியிருந்தது. எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல் ஒரு கிளையைத் தூக்கிப் பார்த்தவன் அப்படியே நின்றான். கிளைக்கு அடியில் மணி மணியாகக் காய். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. கருநீலம். ஒவ்வொன்றின் மேலும் திருநீறு பூசின மாதிரி வெள்ளைப் பொடி.

"பாஞ்சாலி! காய் வெச்சுக் கீது பாரு!"

சந்தோஷத்தில் கத்திவிட்டான். பூ இல்லாவிட்டால் என்ன, காய் இருக்கிறதே, அதைக் கொண்டுபோய்ச் சாமியிடம் கொடுத்துவிடலாம், பொய்யும் மூடிப்போகும் என்று மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. பாஞ்சாலி ஓடி வந்து பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. இருந்த ரத்தமும் போயிற்று.

"காய் வெச்சுதுன்னா, பூ வந்து போயிருக்கணுமே," என்றாள் மெதுவாக. "மொதப் பூ எங்க மாமா?"

தணிகாசலம் இதை யோசிக்கவே இல்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் வேலியைப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கன்னியம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"மல்லியையே வேரோட வாரிக் குடுத்தேனேடி உனக்கு! அது போதாதுன்னு சாமிக்கு நேந்த பூவுலயும் கை வெச்சியா?"

"இன்னா யக்கா? எந்தப் பூ?"

"எங்க கிணத்துக்கு வர்றவ நீ ஒருத்திதான். கிளைக்கு அடியில பூத்தது எனக்குத் தெரியல, உனக்குத் தெரிஞ்சிடுச்சி. பறிச்சி உன் சரத்துல வெச்சிக் கட்டிக்கினியா?"

"அந்த முள்ளுப் பொதர்ல எனக்கு இன்னா வேல? ஆடே தின்னல, நானா தின்னேன்?" கன்னியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "பதினாறு மாசமா உனக்காக ஒவ்வொரு நாளும் ஒரு முழம் எடுத்து வெச்சுக்கினு வந்து நிக்கிறேன். என்னைப் பாத்துத் திருடின்ற?"

சத்தம் கேட்டுத் தெருவில் போன எல்லப்பன் சைக்கிளை நிறுத்திக்கொண்டான். இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கன்னியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை கேலி பேசினாலும் பாஞ்சாலிக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருகிறவள் அவள். தணிகாசலத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வேலியண்டை போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான்.

"கன்னியம்மாளைத் திட்டாத புள்ள. அது பூக்கல. அது பூக்கவே பூக்காது. கொண்டாரும்போதே எனக்குத் தெரியும்."

எல்லப்பன் முதலில் சிரித்தான். கன்னியம்மாளும் சிரிக்க ஆரம்பித்தவள், பாஞ்சாலியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பாஞ்சாலி வேலியண்டை வந்தாள். கன்னியம்மாளின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, வீட்டுக்குள் போய்விட்டாள்.

இரண்டு நாள் பேச்சில்லை. வேளாவேளைக்குச் சோறு வந்தது. குழம்பு வந்தது. 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க' மட்டும் வரவில்லை. அந்த வார்த்தை இல்லாமல் தணிகாசலம் பாதிச் சோற்றிலேயே எழுந்துகொண்டான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. இருக்க இடம் தெரியாமல் கல்மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பாஞ்சாலி அங்கே வந்தாள். செடிக்கு அந்தப் பக்கமாக உட்கார்ந்தாள்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"பூக்காதுன்னு சொன்னா கொட்டாய்க்குப் பின்னால போட்டுடுவியே."

"போட்டா போட்டுட்டுப் போறேன். ஊர்ல இல்லாத செடியா? இதுல அப்படி இன்னா கீது?"

தணிகாசலம் ஒரு கிளையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பர்மா எல்லையில எனக்குக் காய்ச்சல் கண்டுது புள்ள. மலேரியா. நீலகிரிக்குக் கொண்டாந்து போட்டாங்க. மூணு மாசம் படுக்கை. கால் ரெண்டும் நிக்கல. எழுப்பி உக்கார வெக்கிறதுக்கே ரெண்டு பேர் வேணும். படுத்தவன் படுத்தவன்தான், இனிமே ஊருக்கு எங்க போறதுன்னு முடிவே பண்ணிட்டேன். ஜன்னல்ல பாத்தா இந்தச் செடி. சரிவு முழுக்கப் படுத்துக் கெடக்கும். இதுவும் என்னை மாதிரிதான், சாவப்போவுதுன்னு தோட்டக்காரன்கிட்ட சொன்னேன். அவன் சிரிச்சான். அதுக்கு நோயுமில்ல ஒண்ணுமில்ல, படுத்துக்கினே பொழைக்கிற சாதி அது, கிளை எங்க தரையைத் தொடுதோ அங்கல்லாம் வேர் வுடும்னான். அன்னிலேர்ந்து அதையே பாத்துக்கினு கெடந்தேன். நான் எழுந்து நடந்த அன்னிக்கு, வேர் வுட்ட கிளை ஒண்ணை வெட்டி டின்னுல வெச்சுக் குடுத்தான்."

பாஞ்சாலி செடியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"கடுதாசியில சொகமா கீறேன்னுதானே எழுதினீங்க? மாசா மாசம்?"

"ஆங்."

"அதுவும் இந்த 'ஆங்'தானா?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டான். செடியைத் தாண்டி அவள் கை வந்தது. அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பிறகு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாலு வருஷத்துக்குச் சேர்த்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, பந்தல் போட்டுக் கட்டித் தூக்கின கிளைகளில் ஒன்றை மெதுவாகத் தடவிக்கொடுத்தாள்.

"எனக்குத்தான் தெரியாது. மேல கீறவருக்குத் தெரியாதா, இது பூக்காதுன்னு? தெரிஞ்சிகினேதானே என் வேண்டுதலை வாங்கிக்கினாரு? அப்ப அவரும் உங்க கூட்டாளிதான். ரெண்டு பேரும் சேந்துக்கினு பதினாறு மாசம் என் தலையைக் காயப் போட்டுட்டீங்க."

"இப்ப இன்னா பண்றது புள்ள?"

"இது மொதல்ல குடுத்தது எதுவோ அதுதான் இதுக்குப் பூ. நாளைக்குக் காலையில மலைக்குப் போறோம். ஆனா ஒண்ணு. நீங்களே உங்க கையால எடுத்துக்கினு வரணும். உங்க வாயால அவருகிட்ட சொல்லணும்."

மறுநாள் பூவரச இலையில் ஏழு மணிக்காயும், பச்சையாக ஒரு கொத்தும் எடுத்துக்கொண்டு படியேறினார்கள். சன்னதியில் கூட்டம் அதிகம் இல்லை. தணிகாசலம் கை கூப்பிக்கொண்டு உதட்டுக்குள்ளேயே ஏதோ சொன்னான். பாஞ்சாலி முழங்கையால் இடித்தாள்.

"சத்தமா."

"பொய் சொல்லிட்டேன் சாமி," என்றான் தணிகாசலம். பக்கத்தில் நின்ற ஜரிகைத் தலைப்பாக்காரர் திரும்பிப் பார்த்தார். "செடி பூக்காதுன்னு தெரிஞ்சே ஆங்னேன். ஆஸ்பத்திரியில கெடந்ததையும் வீட்ல சொல்லல. அவ மேல தப்பில்ல. இதை வாங்கிக்கினு அவளுக்குப் பூவைக் குடுத்துடு."

குருக்கள் இலையை வாங்கிப் பார்த்தார். "என்னம்மா இது, காயா?"

"பூ சாமி," என்றாள் பாஞ்சாலி, இம்மியும் தயங்காமல்.

குருக்கள் இன்னொரு தரம் உற்றுப் பார்த்தார். கொத்தைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனதும் அவர் புருவம் உயர்ந்தது. "நல்ல வாசனையா இருக்கே. எங்கேர்ந்து வந்தது?"

"நீலகிரியிலேர்ந்து சாமி. அவரைப் பத்திரமா இட்டுக்கினு வந்தது."

அவர் உள்ளே போய்த் திருவடியில் வைத்தார். தீபம் காட்டினார். திரும்பி வரும்போது தட்டில் திருநீறும், சாமி மாலையிலிருந்து கழற்றின மல்லிச் சரமும் இருந்தன. பாஞ்சாலி சரத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு முழம்கூட இருக்காது. அங்கேயே, அத்தனை பேருக்கும் நடுவில், அதைக் கொண்டையில் வைத்துக்கொண்டாள். பழக்கம் விட்டுப்போனதால் இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் நின்றது.

இனி தாயம்மாள் மணையில் உட்காரலாம். கன்னியம்மாளையும் கல்யாணத்துக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பாஞ்சாலி சொல்லிக்கொண்டே வந்தாள். மல்லியில் ஒரு பதியன் கேட்டு வாங்கிக் கத்தரி இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்றாள். தணிகாசலம் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றான். ஐம்பது படி இறங்கியிருப்பான். சட்டென்று நின்று, குனிந்து, உள்ளங்காலைத் தடவினான்.

"நீ போய்க்கினே இரு புள்ள. முள்ளு."

பாஞ்சாலி போகவில்லை. ஒரு படி மேலேயே நின்றாள்.

"கல்லுப் படியில ஏது மாமா முள்ளு?"

இத்தனை வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி. தணிகாசலம் படியைப் பார்த்தான். காலைப் பார்த்தான். சற்று முன்புதான் சாமியிடம் பொய்க்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். இனி அது நடக்காது.

"முள்ளு இல்ல புள்ள," என்றான். "முள்ளு என்னிக்குமே இல்ல. நீ முன்னால போனாத்தான் பூ வாசம் எனக்கு வரும்."

பாஞ்சாலி கொண்டையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவனைத் தாண்டி இறங்கினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கீழே கல்யாண வேலை மலை போலக் கிடந்தது. இருந்தும் அவள் மெதுவாகத்தான் இறங்கினாள். தணிகாசலம் இரண்டு படி பின்னாலேயே வந்தான்.